ஹீமோபிலியாவுக்கான மருந்து ஆய்வைத் தேடிக் கண்டுபிடித்துச் சேருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024 டிசம்பரில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பதால் ரத்தக்கசிவு எளிதில் நிற்காத நோய் ஹீமோபிலியா; ஃபேக்டர் 8 குறைந்தால் ஏ வகை, ஃபேக்டர் 9 குறைந்தால் பி வகை. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் உடலிலிருந்து ரத்த மூல செல்களை எடுத்து, அவற்றுக்குள் ஃபேக்டர் 8 மரபணுவைச் செலுத்தி, திரும்ப அவரவருக்கே ஏற்றியிருந்தார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடந்த ஆய்வு அது. கண்காணித்த காலம் முழுவதும் அந்த ஐவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. செய்தி நாளிதழ்களில் வந்ததும் ஹீமோபிலியா குடும்பங்களிடம் ஒரே பேச்சு: எங்கள் பையனையும் அதில் சேர்க்க முடியுமா?

இந்தக் குடும்பங்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய்வருகிறவன் என்பதால் கேள்வி என்னிடமும் வரும். நான் முதலில் கேட்பது பையனின் கோப்பை. பெரும்பாலும் கோப்பு என்று ஒன்று இருக்காது. துணிக்கடைப் பை ஒன்றில் டிஸ்சார்ஜ் தாள்கள், எழுத்து மங்கிய லேப் ரிப்போர்ட்டுகள், ரேஷன் அட்டை நகல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். நோய் முழுக்கப் பொருந்தியும் அதை நிரூபிக்கத் தாள் இல்லாததால் வாசலிலேயே திரும்பி வந்தவர்கள் உண்டு. ஆகவே இந்த வழிகாட்டி இணையத்தில் தேடுவதிலிருந்து தொடங்கவில்லை. எடுத்துக்காட்டுகள் ஹீமோபிலியாவைப் பற்றியவை என்றாலும், வான் வில்லிபிராண்ட் நோய், தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா போன்ற பிற ரத்தநோய்கள் உள்ளவர்களும் இதே வரிசையில் போகலாம்.

தொடங்கும் முன்

மருந்து ஆய்வு, அதாவது கிளினிக்கல் டிரையல், ஒரு கேள்விக்கு விடை தேட நடத்தப்படுவது. உங்களுக்குக் குணமாவது அந்த விடையின் ஒரு பகுதியாக அமையலாம், அமையாமலும் போகலாம். முதல் கட்டத்தில் மருந்து பாதுகாப்பானதா, எவ்வளவு கொடுக்கலாம் என்று சிலரிடம் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் அது வேலை செய்கிறதா என்பது கேள்வி. மூன்றாம் கட்டத்தில் கூடுதலான ஆட்களிடம், ஏற்கெனவே உள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். நான்காம் கட்டம் மருந்து சந்தைக்கு வந்த பின்னர் நடப்பது.

“மருந்து என்று சொல்லி வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றிவிட்டால்?” என்ற பயம் பலருக்கு உண்டு. ஹீமோபிலியா ஆய்வுகளில் அப்படி நடப்பது அரிது. ஆனால் வேறொன்று நடக்கும். ரத்தக்கசிவு வராமல் தடுக்க எடுக்கும் எமிசிசுமாப் மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு முதல் 24 வாரங்கள் அப்படிப்பட்ட தடுப்பு மருந்து எதுவும் தரப்படவில்லை. ரத்தக்கசிவு வந்தபோது மட்டும் மருந்து ஏற்றிக்கொண்டார்கள். அதன் பிறகே அவர்களும் எமிசிசுமாப்புக்கு மாறினார்கள். எந்தப் பிரிவில் விழுவீர்கள் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். மருத்துவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

படி 1: கோப்பு

இதற்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. முதல் தாள், நோயை உறுதிசெய்த ரிப்போர்ட். அதில் ஃபேக்டர் 8 அல்லது ஃபேக்டர் 9 எத்தனை சதவீதம் என்று எண்ணில் இருக்க வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கடுமையான வகை, 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் 40 வரை லேசானது. “ஹீமோபிலியா உள்ளது” என்று மட்டும் எழுதிய சான்றிதழை ஆய்வு மையத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

அடுத்து இன்ஹிபிடர் பரிசோதனை. வெளியிலிருந்து ஏற்றும் ஃபேக்டரை உடல் எதிரியாக நினைத்து எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிக்கொள்வதைத்தான் இன்ஹிபிடர் என்கிறோம். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இது வருகிறது. பெதஸ்டா யூனிட் கணக்கில் அதன் அளவைச் சொல்வார்கள். சில ஆய்வுகள் இன்ஹிபிடர் உள்ளவர்களுக்கு மட்டும், சில இல்லாதவர்களுக்கு மட்டும். ஆகவே புதிய ரிப்போர்ட்டும் வேண்டும், பழையவையும் வேண்டும். ஒருமுறை வந்து மறைந்திருந்தாலும் கேட்பார்கள்.

எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை முடிவுகள், கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, செய்திருந்தால் மரபணு மாற்ற ரிப்போர்ட் ஆகியவற்றையும் சேருங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு பிளாஸ்மாவும், அதிலிருந்து பிரித்தெடுக்கும் கிரையோவும் ஏற்றிக்கொண்ட மூத்தவர்களுக்கு வைரஸ் பரிசோதனை மிக முக்கியம். தொற்று இருந்தாலே வெளியே தள்ளிவிடுவார்கள் என்பதில்லை. எச்ஐவி கட்டுக்குள் இருந்து சிடி4 என்ற நோயெதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் ஏற்கும் ஆய்வுகள் உண்டு.

இனி நாட்குறிப்பு. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பெரும்பாலான வீடுகளில் இல்லாததும் இதுதான். தடுப்பு மருந்து எடுக்காதவர்களைச் சேர்க்கும் ஆய்வுகளில், கடந்த ஆறு மாதத்தில் குறைந்தது ஐந்தாறு ரத்தக்கசிவுகளாவது பதிவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அடிக்கடி வரும். நம் ஊரில் என்ன நடக்கிறது? பையனுக்கு முழங்காலில் ரத்தம் இறங்கினால் ஐஸ் வைத்து, துணி சுற்றி, இரண்டு நாள் பள்ளிக்கு அனுப்பாமல் படுக்க வைத்துவிடுகிறோம். மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. வலி உண்மை, வீக்கம் உண்மை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால் ஆய்வின் கணக்கில் அது நடக்கவே இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பதிவு இப்படி இருந்தால் நல்லது: “மார்ச் 9, காலை 6 மணி. வலது முழங்கால். அடிபடாமல் வந்தது. ஃபேக்டர் 8, 1000 யூனிட், காலை 10 மணிக்கு. மறுநாள் 500 யூனிட். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது.” பக்கத்தில் மருந்துக் குப்பியின் லேபிளைக் கிழித்து ஒட்டுங்கள்; மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் அதிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நோட்டில் தேதியோடு கையெழுத்து கேட்டு வாங்குங்கள். வார்டில் கூட்டமாக இருக்கும், செவிலியர் சலித்துக்கொள்ளலாம். அன்று மாலைக்குள் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் யாராலும் தர முடியாது. வாழ்நாளில் மொத்தம் எத்தனை நாட்கள் ஃபேக்டர் ஏற்றியிருக்கிறீர்கள் என்ற கணக்கையும் கேட்பார்கள். குறைந்தது 150 நாட்கள் ஏற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல ஆய்வுகளில் இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக மருந்தைத் தவிர்ப்பதும், வராத ரத்தக்கசிவை எழுதுவதும் வேண்டவே வேண்டாம். முதலாவதில் மூட்டு போய்விடும், திரும்ப வராது. இரண்டாவதில் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தின் அளவையே தவறாகக் கணக்கிட வாய்ப்பு இருக்கிறது.

படி 2: உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்

ரத்தநோய் நிபுணரிடம் கோப்பை வைத்துவிட்டு நேராகக் கேளுங்கள்: “எனக்குப் பொருந்தும் ஆய்வு எங்காவது நடக்கிறதா, டாக்டர்?” ஹீமோபிலியா ஆய்வுகள் நடக்கும் மையங்கள் சிலவே என்பதால் அங்கிருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், பதிவேட்டில் தேடிக் கிடைக்காத தகவல் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்துவிடும். 1983இல் தொடங்கிய இந்திய ஹீமோபிலியா கூட்டமைப்புக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. அருகிலுள்ள கிளையில் பெயரைப் பதிந்துவையுங்கள். தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேறு மையத்தில் ஆய்வில் சேருவதால் உங்கள் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். அவருடைய கடிதம் இல்லாமல் அங்கே எதுவும் நகராது.

படி 3: பதிவேட்டில் நீங்களே தேடுங்கள்

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டின் பெயர் சிடிஆர்ஐ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளை இதில் பதிவது கட்டாயம். பார்க்கக் கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை.

தேடும் பெட்டியில் நோயின் பெயரை ஆங்கிலத்தில்தான் இட வேண்டும். ஹீமோபிலியா என்பதை பிரிட்டிஷ் முறையிலும் அமெரிக்க முறையிலும் எழுதுவார்கள். ஒன்றில் ஓர் ‘ஏ’ எழுத்து கூடுதலாக வரும். இரண்டையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் சில பதிவுகள் கண்ணில் படாமல் போய்விடும். கிடைக்கும் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் பல, மருத்துவ மாணவர்கள் முதுகலைப் பட்டத்துக்காகச் செய்யும் ஆய்வுகள். வேறு சில புதிய மருந்து எதுவும் தராமல் நோயாளிகளைக் கவனித்து மட்டும் பதிபவை. ஒவ்வொரு பதிவிலும் ஆய்வு எந்த வகை, எந்தக் கட்டம் என்று தனி வரி இருக்கும். அதைப் பார்த்தே பாதியைக் கழித்துவிடலாம்.

மிஞ்சியவற்றைத் திறந்து, இந்தியாவில் ஆள் சேர்க்கும் நிலை என்ன என்ற வரிக்குப் போங்கள். இன்னும் தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்துவிட்டது, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஏதாவது ஒன்று இருக்கும். அடுத்து, ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளின் பட்டியல். அதற்குப் பக்கத்திலேயே ஆய்வில் சேருபவர்களின் நலனைக் காக்க ஒவ்வொரு மருத்துவமனைக்கும் உள்ள நெறிமுறைக் குழு அனுமதி தந்துவிட்டதா என்பது இருக்கும். மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இருந்தும் குழுவின் அனுமதி இன்னும் வராமலிருந்தால் அங்கே போய் நிற்பதில் பொருளில்லை. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி நிலையும் கீழே காட்டப்படும். புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க அந்த அனுமதி இல்லாமல் முடியாது.

பொதுமக்கள் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று ஒருவருடைய பெயரும் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அவரிடம் பேசுங்கள். பதிவேட்டில் “ஆள் சேர்ப்பு நடக்கிறது” என்று இருந்தாலும் இடங்கள் நிரம்பியிருக்கலாம். பதிவைப் புதுப்பிக்கத் தாமதமாகும். ஒரு ஃபோன் போட்டுக் கேட்காமல் இரவு ரயில் ஏறாதீர்கள்.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் இரண்டாவது இடம். பன்னாட்டு நிறுவனங்களின் ஆய்வுகள் அநேகமாக அங்கே இருக்கும். நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்துகொண்டால் இங்கே மையம் உள்ளவை மட்டும் வரும். அழைப்பின் பேரில் மட்டும் சேர்ப்பவை என்று குறிப்பிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். முந்தைய ஆய்வில் இருந்தவர்களுக்கான தொடர் ஆய்வாகவே அவை பெரும்பாலும் இருக்கும். ஒரே ஆய்வு இரண்டு பதிவேட்டிலும் இருக்கக்கூடும் என்பதால் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே என்சிடி என்று தொடங்கும், இங்கே சிடிஆர்ஐ என்ற பெயரோடு ஆண்டும் மாதமும் வரும். இலங்கை வாசகர்களுக்கு, இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் தனிப் பதிவேடு இருக்கிறது.

வெளிநாட்டில் நடக்கும் ஆய்வில் சேர முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் மையத்துக்கு வந்துபோக வேண்டியிருப்பதால் அந்த நாட்டிலேயே வசிக்காதவர்களுக்கு நடைமுறையில் அது கைகூடுவது கடினம். அதற்காக வீட்டை அடகு வைக்க யோசிக்காதீர்கள்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. ஆய்வில் சோதிக்கப்படும் மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் சிகிச்சை என்று பலகை மாட்டி, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, “இதுவும் ஓர் ஆய்வுதான்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிடிஆர்ஐ எண்ணைக் கேளுங்கள். எண் கொடுத்தால் பதிவேட்டில் சரிபாருங்கள், கொடுக்காவிட்டால் பதில் கிடைத்துவிட்டது.

படி 4: யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள்

ஒவ்வொரு பதிவிலும் சேர்க்கும் விதிகள், விலக்கும் விதிகள் என்று இரண்டு பகுதி இருக்கும். விலக்கும் விதிகளை முதலில் படியுங்கள், நேரம் மிச்சமாகும். வயது, நோயின் கடுமை, இன்ஹிபிடர், கல்லீரல் நிலை, முன்பு ரத்தக்கட்டி வந்திருக்கிறதா, வேறு ஆய்வில் அண்மையில் இருந்தீர்களா என்பவை ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரும். பெரியவர்களிடம் பாதுகாப்பு தெரிந்த பிறகே குழந்தைகளுக்கு வருவார்கள் என்பதால், ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்று ஒன்றும் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். ஃபேக்டர் குறைவாக உள்ள பெண்களை அநேக ஆய்வுகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் நிலவரம் அதுதான்.

படி 5: இந்தக் கதவைத் திறந்தால் எந்தக் கதவு மூடும்?

பலரும் யோசிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இங்கேதான்.

மரபணு சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். ஏஏவி என்ற வைரஸின் கூட்டுக்குள் மரபணுவை வைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. ஹீமோபிலியா பி நோய்க்கான ஹெம்ஜெனிக்ஸ் அப்படிப்பட்டது. 2022 நவம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது, விலை 35 லட்சம் டாலர். ஹீமோபிலியா ஏ நோய்க்கான ரோக்டேவியன் 2023 ஜூனில் அங்கே அனுமதி பெற்றது. இந்த வைரஸ் ஒருமுறை உள்ளே போய்விட்டால் உடல் அதை நினைவில் வைத்துக்கொண்டு எதிர்ப்புப் புரதத்தைப் பெருமளவில் உண்டாக்கும். இரண்டாம் முறை ஏற்றினால் வேலை செய்யாது. குறைந்த அளவு மருந்து பெறும் ஆரம்பக் கட்டத்தில் நீங்கள் சேர்ந்து, பலன் போதாமல் போய், நாளை அதைவிட நல்ல மருந்து வந்தாலும் அதைப் பெற முடியாத நிலை வரலாம். மரபணு சிகிச்சை பெற்றவர்களை மற்ற ஆய்வுகளும் பெரும்பாலும் ஏற்பதில்லை.

வேலூரில் கையாண்ட முறை வேறு. அங்கே லென்டிவைரஸ் என்ற வேறொரு வைரஸைப் பயன்படுத்தி, உடலுக்கு வெளியே வைத்து மூல செல்களுக்குள் மரபணுவைச் செலுத்தினார்கள். ஏஏவி எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இதில் ஒரு வழி பிறக்கிறது. ஆனால் மாற்றிய செல்களுக்கு இடம் உண்டாக்க எலும்பு மஜ்ஜையைக் கீமோதெரபி கொடுத்து முதலில் காலிசெய்ய வேண்டும். எதிர்ப்பு சக்தி அடியோடு விழும் நாட்கள், தொற்று, முடி கொட்டுவது, பிள்ளை பெறும் திறன் பாதிக்கப்படும் வாய்ப்பு எல்லாம் அதோடு வருகின்றன. ஐந்து பேரில் கிடைத்த பலன் பெரிய செய்திதான். அந்த எண்ணிக்கை ஐந்து என்பதையும் மறக்கக் கூடாது.

ஆய்வு மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இதில் சேர்ந்தால் பின்னால் எந்தச் சிகிச்சைக்கு எனக்குத் தகுதி போகும்? இப்போது எடுக்கும் மருந்தை எத்தனை நாள் நிறுத்த வேண்டும், அந்த இடைவெளியில் ரத்தக்கசிவு வந்தால் என்ன செய்வது? எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள்? ஊசி குத்தக் கையில் நரம்பே கிடைக்காத பிள்ளைக்கு இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானதில்லை. பயணச் செலவு யாருடையது? உடன் வருபவருக்கும் கிடைக்குமா? மாதம் நான்கு நாள் விடுப்பு எடுத்தால் உங்கள் வேலை நிற்குமா என்ற கேள்வியை மட்டும் நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 6: ஒப்புதல் படிவம்

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகள்தான் இந்தியாவில் உங்களுக்குள்ள பாதுகாப்பு. படிவமும் தகவல் தாளும் உங்களுக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். தமிழ்ப் பிரதி இருக்கும், கேளுங்கள். மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருப்பது சகஜம். புரியாத வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, விளக்கும்வரை அடுத்த பக்கம் போகாதீர்கள். வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. “இன்றே கையெழுத்துப் போட வேண்டும்” என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் ஏன் என்று கேளுங்கள்.

படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திடுவார்கள். ஏழு வயது தாண்டிய பிள்ளையிடம் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும். மருத்துவமனை வாழ்க்கையில் ஊறிய பத்து வயதுப் பையனுக்கு நம்மைவிட நன்றாகவே கேள்வி கேட்கத் தெரியும். அவன் வேண்டாம் என்றால் ஏன் என்று உட்கார்ந்து பேசுங்கள், அதட்டி வழிக்குக் கொண்டுவராதீர்கள்.

படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் ஆகியவற்றை நிரப்பும் இடங்களைப் பார்த்து அம்மாக்கள் திடுக்கிடுவது உண்டு. “இதெல்லாம் எதற்குங்க?” என்று கேட்பார்கள். வாரிசுதாரர் பெயர், ஆய்வின் காரணமாக மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக. விதி எல்லோரையும் கேட்கச் சொல்கிறது. உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஆபத்து அதிகம் என்று பொருள் கொள்ள வேண்டாம். காலியாக விடாதீர்கள், சரியாக நிரப்புங்கள்.

ஆய்வின்போது உடல்நலக் கேடு ஏற்பட்டால் இலவச மருத்துவம் தர வேண்டும். அந்தக் கேடு ஆய்வினால் வந்ததில்லை என்று நிறுவப்படும்வரையோ, ஆய்வு மருத்துவர் தேவை என்று கருதும்வரையோ, எது முந்தியதோ அதுவரை அது தொடரும். ஆய்வினால் வந்தது என்று முடிவானால் இழப்பீடு தனி. மரணத்துக்கான கணக்கில் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயதையும், சேரும்போதே இருந்த நோயின் தீவிரத்தையும் வைத்து அது கூடும் அல்லது குறையும். கட்டுப்பாட்டு அதிகாரியின் உத்தரவு வந்த 30 நாளுக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனம் பணம் தர வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. இதைப் படிவமே சொல்லும். மாத்திரையையும் ஊசியையும் நிறுத்திவிட்டு வந்துவிடலாம். மரபணுவை ஏற்றிய பிறகு அதை மட்டும் திரும்ப எடுக்க வழியில்லை.

கையெழுத்திட்ட படிவத்தின் நகலை வாங்காமல் அறையை விட்டு வராதீர்கள். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படும் புகாரை அந்த எண்ணில் சொல்லலாம்.

படி 7: ஸ்கிரீனிங்

கையெழுத்து போட்டதால் சேர்ந்துவிட்டதாக எண்ணி ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். அதன் பிறகுதான் ரத்தப் பரிசோதனைகள் தொடங்கும். ஏஏவி எதிர்ப்புப் புரதம் இருக்கிறது, கல்லீரல் எண் சற்றுக் கூடுதல், பழைய இன்ஹிபிடர் மீண்டும் தலைகாட்டுகிறது என்று ஏதோ ஒன்றால் வெளியே வருபவர்கள் நிறையப் பேர். அதை உடல்நிலை மோசமாகிவிட்டதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேருங்கள். அடுத்த ஆய்வுக்கு உதவும். சில இடங்களில் மருந்து தரும் முன் மாதக்கணக்கில் இப்போதைய சிகிச்சையிலேயே வைத்து ரத்தக்கசிவை எண்ணுவார்கள். பொறுமை தேவைப்படும் காலம் அது.

படி 8: ஆய்வுக்குள் இருக்கும்போது

ஃபேக்டருக்குப் பதிலாக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இயற்கைப் புரதங்களைக் குறைத்து உறைதலைச் சமன்செய்யும் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன: ஃபிட்டுசிரான், கான்சிசுமாப், மார்ஸ்டாசிமாப். இவற்றில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. 2017இல் ஃபிட்டுசிரான் ஆய்வில் இருந்த ஒருவர் மூளையின் சிரையில் ரத்தம் உறைந்து இறந்தார்; ஆய்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2020இல் கான்சிசுமாப் ஆய்வும் ரத்தக்கட்டிகள் ஏற்பட்டதால் சில மாதங்கள் நின்றது. இரண்டும் மருந்தளவையும் விதிகளையும் மாற்றிக்கொண்டு தொடர்ந்தன. கான்சிசுமாப் 2024 டிசம்பரிலும் ஃபிட்டுசிரான் 2025 மார்ச்சிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இதனால் உங்களுக்கு என்ன? இப்படிப்பட்ட ஆய்வில் இருக்கும்போது முழங்கால் வீங்கினால், வழக்கம்போல் 2000 யூனிட் ஃபேக்டரை ஏற்றிக்கொள்ளக் கூடாது. எவ்வளவு ஏற்றலாம் என்று ஆய்வு மையம் எழுதித் தந்திருக்கும். பழைய அளவைவிட அது குறைவாக இருக்கும். இரவு இரண்டு மணிக்கு உள்ளூர் மருத்துவமனையில் பணியிலிருக்கும் இளம் மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆய்வு மையம் தரும் அவசர அட்டையைப் பர்ஸில் ஒன்று, வீட்டுச் சுவரில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று வையுங்கள். பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது போன்றவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அதை மேலிடங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

வேறு மருந்துகள், நாட்டு மருந்துகள், மூட்டு வலிக்குப் பூசும் தைலம் வரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். கல்லீரலைக் கவனமாகப் பார்க்கும் மரபணு சிகிச்சை ஆய்வில் மதுவுக்கும் இடமில்லை. குறிப்பிட்ட காலம் ஆணுறை அணிய வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். புதிதாகத் திருமணமானவர்கள் இதை மனைவியோடு முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

படி 9: ஆய்வு முடிந்த பின்

ஆய்வு முடியும் நாளில் மருந்தும் நின்றுவிடலாம். இரண்டு ஆண்டு ரத்தக்கசிவே இல்லாமல் பள்ளி போய்வந்த பையன் மறுபடி ஐஸ் பைக்குத் திரும்புவதைப் பார்ப்பது கொடுமை. ஆகவே இதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். 2019 விதிகளின்படி, ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஏற்று, நோயாளிக்கு வேறு மாற்றுச் சிகிச்சை இல்லை என்ற நிலையும் இருந்தால், ஆய்வு முடிந்த பிறகும் மருந்து இலவசமாகத் தரப்படலாம். ஹீமோபிலியாவுக்கு ஃபேக்டர் என்ற மாற்று இருப்பதால் இந்த விதியை மட்டும் நம்பி இருக்க முடியாது. நிறுவனமே நடத்தும் தொடர் ஆய்வு இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

மரபணு சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கண்காணிப்பார்கள். லென்டிவைரஸ் போல மரபணுவோடு கலந்துவிடும் வகையில் அமெரிக்க விதிமுறை 15 ஆண்டு கேட்கிறது. இருபது வயதில் சேருகிறவருக்கு அதற்குள் வேலை மாறும், திருமணமாகும், சென்னையிலிருந்து கோவைக்கோ துபாய்க்கோ குடிபோவார். கைபேசி எண் மாறினால் வங்கிக்குச் சொல்வதுபோல் ஆய்வு ஒருங்கிணைப்பாளருக்கும் சொல்லிவிடுங்கள். மாற்று எண்ணாக, ஊரிலேயே இருக்கப்போகும் தங்கையின் எண்ணையோ சித்தப்பாவின் எண்ணையோ கொடுத்துவையுங்கள்.